சாயம் போகாத கடல்... ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரே ஒரு மிதவை!

“கை... கை தா அம்மா!”

கப்பலின் பக்கவாட்டுக் கதவருகே நின்ற ஊழியர் மலையாளத்தில் என்னென்னவோ சொன்னார். அத்தைக்குப் புரிந்தது ‘கை’ என்ற ஒரு சொல்தான். கீழே படகு நிற்கிறது. நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. ஓர் அலைக்குக் கதவின் விளிம்பு வரை எழும்பி வருகிறது. அடுத்த அலைக்கு ஆளுயரம் கீழே இறங்கிவிடுகிறது. மேலே வரும் அந்த நொடியில் காலை எடுத்து வைத்துவிட வேண்டும். யோசித்தால் படகு போய்விடும்.

அத்தை யோசித்தார். படகு கீழே போய்விட்டது. இரண்டாவது முறையும் யோசித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது முறை படகில் இருந்த இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, நெல் மூட்டையை இறக்குவதுபோல இறக்கி உட்காரவைத்துவிட்டார்கள். பின்னாலேயே மருமகள் ஒரே எட்டில் இறங்கினார். அத்தைக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. இருந்தும் எதிர்ப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு ஜனவரி மாதக் காலை அது. இடம், லட்சத்தீவுகளில் ஒன்றான கல்பேனி. கொச்சியிலிருந்து கிளம்பும் ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் கப்பல் சுற்றுலாவில் இரண்டாவது நாள். பெயர் போட வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டதால், இந்தக் கட்டுரை முழுக்க அவர்கள் அத்தையும் மருமகளும்தான்.

குரூஸ் என்றதும் நீச்சல் குளம், பாட்டு, டான்ஸ் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இது தீவுக்காரர்களும் ஊருக்குப் போய்வரும் கப்பல். சுமார் 700 பேர் போகலாம். கொச்சி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பும் பாட்டி, காலேஜ் லீவுக்குப் போகும் பையன், அட்டைப்பெட்டி நிறைய சாமானோடு ஒரு குடும்பம் எனக் கப்பலில் பாதி இவர்கள்தான். சுற்றுலா வந்தவர்களுக்குத் தனி கேபின். இரவெல்லாம் கப்பல் ஓடும். காலையில் ஒரு தீவுக்கு வெளியே நிற்கும். பகலைத் தீவில் கழித்துவிட்டு, சாயங்காலம் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் இருப்பதால் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. அதனால்தான் அந்தப் படகு சாகசம்.

கப்பலில் போன் சிக்னல் கிடையாது. இது எல்லோருக்கும் சின்ன எரிச்சல். இவர்கள் இருவருக்கும் பெரிய பிரச்னை. ஏனென்றால், 14 மாதங்களாக இவர்கள் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்த போன் வழியாகத்தான். அதுவும் நேராக அல்ல. “அம்மாகிட்ட மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க” என்று மருமகள் கணவருக்கு மெசேஜ் அனுப்புவார். “போட்டாச்சுன்னு சொல்லு” என்று அத்தை மகனிடம் சொல்வார். ஒரே வீடு. நடுவில் ஒரு சமையலறைச் சுவர்.

உண்மையில் மூன்று டிக்கெட் எடுக்கப்பட்டது. லட்சத்தீவுக்கு அனுமதி வாங்காமல் போக முடியாது என்பதால் போட்டோ, ஆதார் என்று மூன்று பேருக்கும் மகன்தான் அலைந்து வாங்கினார். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஆபீஸில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். “காசு வீணாப்போயிரும், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்றார். காசு வீணாவதை அத்தையால் தாங்க முடியாது. கணவரின் முகத்துக்காக மருமகள் சரி என்றார். மகன் வேண்டுமென்றே லீவைக் கேன்சல் செய்திருப்பாரோ என்ற சந்தேகம் மருமகளுக்கு இன்றைக்கும் உண்டு.

அத்தைக்கு 61 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, 26 வருடம். தைத்து வரும் துணியை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் பிசிர், சாயம் திட்டுத் திட்டாக ஏறியிருப்பது எனக் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த இடத்தில் ஸ்டிக்கரை ஒட்டித் தனியாகப் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பீஸ். வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் கண் இன்னும் விடவில்லை. கல்யாண வீட்டில் பட்டுப்புடவையைப் பார்த்தாலும் முதலில் தெரிவது எங்கே இழை விட்டிருக்கிறது என்பதுதான். மருமகள் வீட்டுக்கு வந்த புதிதில், தோசையிலிருந்து கோலம் வரைக்கும் ஸ்டிக்கர் விழுந்துகொண்டே இருந்தது. அதையெல்லாம் மருமகள் சிரித்துக்கொண்டே கடந்தார்.

ஒரே ஒரு வார்த்தையைத்தான் கடக்க முடியவில்லை.

11-வது வாரத்தில் கரு கலைந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் அத்தை சொன்னார்: “வேலை வேலைன்னு ராத்திரி பகலா உக்காந்தா இப்படித்தான் ஆகும்.” கதவு திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்தவருக்குக் கேட்டது. அன்று காலைதான் டாக்டர் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லியிருந்தார். முதல் மூன்று மாதங்களில் நடக்கும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோமில் ஏற்படும் கோளாறு. ஆபீஸ் போவதாலோ, லேப்டாப்பில் வேலை பார்ப்பதாலோ அது வருவதில்லை. ஆனால், டாக்டர் சொன்ன பத்து வாக்கியங்களை அந்த ஒரு வாக்கியம் சாப்பிட்டுவிட்டது.

இந்தக் கணக்கோடுதான் இருவரும் கல்பேனியில் கரையேறினார்கள்.

கரையில் ஆளுக்கொரு இளநீர் கொடுத்து வரவேற்றார்கள். பிறகு கூமேல் கடற்கரை. வெள்ளை மணல், தென்னை, முழங்கால் ஆழத்தில் பச்சை, கொஞ்சம் தள்ளி நீலம், அதற்கும் அப்பால் பவளப்பாறை வளையத்தில் அலை உடையும் வெள்ளைக் கோடு. எதிரே திலாக்கம், பிட்டி என்ற குட்டித் தீவுகள். லட்சத்தீவுகளில் மக்கள் வசிப்பது 10 தீவுகளில்தான். எல்லாத் தீவுகளின் நிலத்தையும் சேர்த்தால்கூட 32 சதுர கிலோமீட்டர். கடல்தான் இங்கே ஊர். நிலம் திண்ணை மாதிரி.

தீவின் கிழக்குக் கரையில் பவளக் கற்கள் பெரிய பெரிய பாறைகளாகக் குவிந்து கிடக்கின்றன. 1847-ல் அடித்த புயல் கடலுக்கு அடியிலிருந்து தூக்கி வீசியவை என்கிறார்கள். இதைக் கேட்டதும் அத்தை தண்ணீரிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

ஸ்நார்க்கெலிங் சொல்லித்தர ஓர் உள்ளூர் இளைஞர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். முதல் விஷயம், இது நீச்சல் அல்ல. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குப்புற மிதக்க வேண்டும், அவ்வளவுதான். மாஸ்க் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடிவிடும். அதனால் மூச்சு வாய் வழியாக மட்டும்தான், பல்லால் கடித்திருக்கும் குழாயில். குழாயில் தண்ணீர் புகுந்தால் பயப்படாமல் ‘ப்பூ’ என்று வேகமாக ஊத வேண்டும். ஒரு முடி மாஸ்க்குக்கு இடையில் மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வரும். எந்தக் காரணத்துக்காகவும் பவளத்தின் மேல் காலை ஊன்றக் கூடாது.

“கடைவாயில கட்டின பல்லு ரெண்டு இருக்குதுங்க... கடிச்சா வந்துருங்களா?” என்று கேட்டார் அத்தை. வராது என்றார் அவர். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க, உள்பக்கம் எச்சிலைத் துப்பித் தேய்த்துக் கழுவச் சொன்னார். “எச்சியவா?” என்று அத்தை மருமகளைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் ஏற்கெனவே துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார். 14 மாதத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

புடவையோடு இறங்க முடியாது. சுடிதாரும் வேண்டாம் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். கடைசியில் மருமகளின் டிராக் பேன்ட்டும், மகனுடைய முழுக்கை டி-ஷர்ட்டும். அந்த டி-ஷர்ட், அத்தை வேலை பார்த்த கம்பெனியில் சின்னக் குறைக்காகத் தள்ளுபடி ஆன எக்ஸ்போர்ட் பீஸ். இடது தோளில் தையல் ஒரு நூல் அளவு கோணல். அதைக் கண்டுபிடித்துத் தள்ளியதே அவர்தான்.

கையால் சைகை செய்யவும் கற்றுக்கொடுத்தார். எல்லாம் சரி என்றால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம். கட்டைவிரலை மட்டும் உயர்த்தினால், ‘மேலே போகணும்’ என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் தினமும் நாற்பது பேருக்குக் கட்டைவிரல் அனுப்பும் அத்தைக்கு இது மண்டையில் ஏறவே இல்லை.

ஒரு மிதவை வளையம். அதன் ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் மருமகள். கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு முன்னால் அந்த இளைஞர் நீந்தினார். மருமகளுக்கு நீச்சல் தெரியும். கோயம்புத்தூரில் குளத்தில் கற்றுக்கொண்டவர். “எனக்கு இது தேவையில்லை” என்று சொல்லிப் பார்த்தார். “வேணும் சேச்சி” என்று அவர் விடவில்லை. இருவருக்கும் ஒரே வளையம்தான் என்றாகிவிட்டது.

அத்தை தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பயந்தார் என்பதற்கு ஒரு கதை உண்டு. திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் பார்த்து வளர்ந்த தண்ணீர் நொய்யல். சாயப்பட்டறைகள் பெருகிய பிறகு ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம், ஒரு நாள் நுரை தள்ளும் கறுப்பு. எந்த கலருக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஊரில் கிண்டல் ஓடும். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது அந்தக் கதை. தண்ணீரில் கலர் தெரிந்தால் அது கழிவு என்பதுதான் அத்தையின் அனுபவம். காலை வைத்தால் அரிக்கும். அவ்வளவுதான்.

முகத்தை முதல் முறை தண்ணீருக்குள் வைத்த உடனே வெளியே எடுத்துவிட்டார். இரண்டாவது முறை பத்து நொடி. “பேடிக்கண்டா அம்மா” என்று அந்த இளைஞர் முதுகில் தட்டிக் கொடுத்தார். மூன்றாவது முறை வைத்தவர், எடுக்கவே இல்லை.

கீழே மான் கொம்பு போலக் கிளைத்துப் படர்ந்த பவளங்கள். மேஜை மாதிரி விரிந்த பவளங்கள். மூளையை அப்படியே எடுத்து வைத்தது போன்ற உருண்டைகள். மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள் கூட்டமாக வந்து, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தன. உடம்பு முழுக்க வெளிர்நீலம், முதுகில் மட்டும் எலுமிச்சை மஞ்சள் என ஒரு மீன். கிளியின் அலகு போன்ற வாயோடு, பச்சையும் ரோஸும் கலந்த கிளி மீன். அது பவளப்பாறையைக் கடித்து அரைத்துத் தின்கிறது. மூச்சை ஒரு நொடி அடக்கினால், அந்த ‘நறுக் நறுக்’ சத்தம் தண்ணீருக்குள் கேட்கும். அரைத்த சுண்ணாம்பு அதன் வயிற்றிலிருந்து மணலாக வெளியே வரும். கூமேலின் அந்த வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். தெரிந்தால் பாதிப் பேர் மணலில் படுத்து செல்ஃபி எடுக்க மாட்டார்கள்.

அத்தை தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பினார்.

“ஏம்மிணி, இத்தன கலரும் ராவும் பகலும் தண்ணிக்குள்ளயே கெடக்குது. ஒண்ணுகூட சாயம் போகலையே!”

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், சிரிக்கவில்லை. குழாயைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முகத்தை உள்ளே வைத்துக்கொண்டார்.

சந்தோஷத்தில் அத்தை கட்டைவிரலை உயர்த்தினார். இளைஞர் பதறி, இருவரையும் தலை தூக்கவைத்து “என்னாச்சும்மா?” என்றார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் இறங்கினார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு கடல் ஆமை. மறுபடியும் கட்டைவிரல். மறுபடியும் பதற்றம்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் கலர் குறைந்தது. பவளங்கள் இருந்தன, ஆனால், எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தன. சிலவற்றின் மேல் பாசி. அத்தையின் செக்கிங் கண் அதை விடுமா? விரலால் காட்டி, என்ன என்று சைகையில் கேட்டார். எல்லோரும் தலை தூக்கியதும் அந்த இளைஞர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பவளம் என்பது கல் அல்ல, உயிர். அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. கலரும் அதனால்தான், சாப்பாட்டில் பெரும்பகுதியும் அதனால்தான். கடல் தண்ணீர் வாரக்கணக்கில் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்போது வெளுத்துவிடும். லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய வருடங்களில் பெரிய அளவில் இது நடந்திருக்கிறது.

“செத்துப்போச்சா?” என்றார் அத்தை.

வெளுத்த உடனே சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால்தான் பட்டினியில் சாகும். இதோ இது செத்தது, அதோ அது பிழைத்தது என்று காட்டினார். “இதுல யாரு தப்பு?” என்று அத்தை கேட்டதற்கு அவர் சிரித்தார். “இதோட தப்பு இல்ல அம்மா. தண்ணி சூடு.”

மறுபடியும் முகத்தை உள்ளே வைத்தார்கள். அந்த வெளுத்த இடத்தில் மீன் அதிகம் இல்லை. பார்க்க ஒன்றும் இல்லாதபோது காது விழித்துக்கொள்கிறது. குழாய் வழியாக மூச்சு போகும் சத்தம், வரும் சத்தம். வேறு எதுவும் இல்லை. தன்னுடைய மூச்சு மட்டும், பெரிதாக.

மருமகளுக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும். ஸ்கேன் அறையில் டாக்டர் கருவியை வயிற்றின் மேல் நகர்த்தி நகர்த்தித் தேடிக்கொண்டிருந்தபோது, அறையில் கேட்டதெல்லாம் அதுதான். இன்னொரு துடிப்புக்காகக் காத்திருந்து, தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்த அந்த மூன்று நிமிடங்கள்.

மாஸ்க்குக்குள் அழக் கூடாது. இதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தருவதில்லை. மூக்கு அடைத்துக்கொள்ளும், துடைக்க முடியாது, கண்ணாடி மங்கிவிடும். மருமகளுக்குத் திடீரென மூச்சு முட்டியது. குழாயைப் பிடுங்கினார். தண்ணீர் வாய்க்குள் போனது. வளையத்தை விட்டுவிட்டுக் காலை ஊன்றப் பார்த்தார். கீழே பவளம். அந்த இளைஞர் திரும்பி நீந்தி வருவதற்குள், நீச்சல் தெரியாத அத்தையின் கை அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் பின்பட்டையைக் கொத்தாகப் பிடித்து வளையத்தோடு இழுத்துவிட்டது.

இருவரும் வளையத்தில் தொங்கிக்கொண்டு இருமினார்கள். மருமகள்தான் அதிகம்.

“உப்புத்தண்ணி போயிருச்சா?”

“ஆமாங்கத்தை.”

அத்தை அந்த முகத்தையே பார்த்தார். 26 வருடம் டியூப் லைட்டுக்குக் கீழே பழகிய கண். உப்புத் தண்ணீர் எது, மற்றது எது என்று அதற்குத் தெரியும்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரில நானு...” என்று ஆரம்பித்தார். நிறுத்திக்கொண்டார். அலை ஒருமுறை தூக்கி இறக்கியது. “எனக்கும் ஒண்ணு போச்சு கண்ணு. உம்பட வூட்டுக்காரனுக்கு முன்னால. ரெண்டரை மாசம். ஷிப்மென்ட்டு நேரம். ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் நின்னுட்டே பீஸ் பாத்துட்டு வூட்டுக்கு வந்தேன். அன்னிக்கு ராத்திரியே... பையனுக்குக்கூடத் தெரியாது. எங்க மாமியா அப்ப சொன்ன வார்த்தைதான் அது. அதே வார்த்தை.”

மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். குரலில் இரக்கம் இல்லை.

“உங்களுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு தெரியும்ல அத்தை? அப்புறம் ஏன் அதையே என்கிட்ட சொன்னீங்க?”

“தெரியல கண்ணு. வாயில அதுதான் வந்துச்சு.”

“எனக்கு இன்னும் வலிக்குது.”

“வலிக்கும். எனக்கு முப்பத்தாறு வருஷமாச்சு.”

மன்னிப்பு கேட்கவில்லை. இவரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்திருப்பார்கள். லைஃப் ஜாக்கெட் போட்ட இரண்டு பேர் கட்டிப்பிடிக்க முடியாது. நடுவில் ஓர் அடிக்கு ஸ்பாஞ்ச் நிற்கும்.

பாவம் அந்த இளைஞர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே மிதந்தார். கடைசியில், “ஓகேவா அம்மா?” என்றார் தயங்கி.

அத்தை கட்டைவிரலை உயர்த்தினார்.

அவர் உடனே கரையைப் பார்த்து வளையத்தை இழுக்க ஆரம்பித்தார். “ஐயோ அது இல்லீங்க, இது, இது!” என்று அத்தை விரல்களைச் சேர்த்து வளையம் போடப் பார்க்க, அது நடுவிரலோடு சேர்ந்து வேறு ஏதோ போல ஆனது. மருமகள் சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்தால் மாஸ்க் நிற்காது, கன்னத்தில் மடிப்பு விழுந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் அடுத்த பத்து நிமிடம் இருவராலும் முகத்தை உள்ளே வைக்கவே முடியவில்லை. பிறகு வைத்தார்கள். கலர் இருக்கும் பக்கமாகவே இழுத்துப் போகச் சொன்னார்கள். போனார்கள்.

மதியம் சோறும் சூரை மீன் குழம்பும். பரிமாறிய பெண்மணியிடம் அத்தை வழக்கம்போல ஊர் விசாரணையை ஆரம்பித்தார். பாதி மலையாளம், பாதி தமிழ், மீதி கை. அதில் கிடைத்த தகவலில் அவர் அசந்துபோய்விட்டார். இங்கே வழக்கப்படி, கல்யாணம் ஆனாலும் பெண் தன் அம்மா வீட்டிலேயே இருப்பார். கணவர்தான் இரவு வந்துபோவார். குடும்பச் சொத்தும் தாய்வழியில்தான் இறங்கும். முஸ்லிம் தீவில் தாய்வழி முறையா என்று வியந்து, மானுடவியலாளர் லீலா துபே இதே கல்பேனியை வைத்து 1969-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். இப்போது தனிக்குடித்தனங்கள் வந்துவிட்டாலும் அந்தப் பழக்கம் முழுக்கப் போய்விடவில்லை.

“அப்ப மாமியாளும் மருமகளும் ஒரே அடுப்புல சமைக்க வேண்டியதே இல்லையா?” என்று கேட்ட அத்தை, மருமகள் பக்கம் திரும்பினார். “நல்ல ஊருடா சாமி!”

“இங்கேயே இருந்துக்கறீங்களா அத்தை?”

“நீ வேணா இரு. எனக்கு அங்க கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்தணும்.”

கல்பேனியில் பனியன் தயாரிக்கும் அரசுத் தொழிற்கூடம் ஒன்று உண்டு என்று தெரிந்ததும், வேறெதையும் பார்க்கவேண்டாம் என்றாகிவிட்டது அத்தைக்கு. நடுக்கடலில் வந்தும் பனியனா என்று மருமகள் தலையில் அடித்துக்கொண்டார். அங்கே கிடைத்த ஒரு வெள்ளை பனியனை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கழுத்துப் பட்டியை இழுத்து, உள்தையலைத் திருப்பி, அடிமடிப்பை விரலால் ஓட்டிப் பார்த்தார். அங்கிருந்தவர்கள் ஏதோ அதிகாரி வந்துவிட்டதாக நினைத்து எழுந்து நின்றார்கள். மகனுக்கு ஒன்று வாங்கினார். காசு கொடுக்கும்போது, “தையல் சுத்தம்” என்று சொல்லிவிட்டு வந்தார். இந்தச் சான்றிதழின் மதிப்பு அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பவளத் துண்டையும் எடுத்துப் பையில் போடப் போனார். மருமகள் வாங்கித் திரும்ப மணலில் போட்டார். பவளத்தை எடுத்துப்போவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செத்த துண்டாக இருந்தாலும் அதுதான். நியாயத்துக்கு அத்தை ஒரு சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

சாயங்காலம் படகு ஏறும் முன் சிக்னல் கிடைத்தது. மகன்தான் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்கள். “எப்படிம்மா இருந்துச்சு?” என்றவருக்கு, மீன், ஆமை, பல்லு, பனியன் என எல்லாவற்றையும் அத்தை ஒப்பித்தார். வளையத்தில் பேசியதைச் சொல்லவில்லை. “அவ என்ன பண்றா?” என்று மகன் கேட்டார். “பக்கத்துலதான் உக்காந்திருக்கா, நீயே கேளு” என்று அத்தை போனை நீட்டினார். மறுமுனையில் சில நொடி சத்தமே இல்லை. பக்கத்தில் என்ற சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அன்று இரவு கேபினில் அத்தைக்குக் கெண்டைக்கால் இரண்டும் எரிந்தன. ஸ்நார்க்கெலிங்கில் எல்லோரும் செய்யும் தப்பு இது. குளிர்ச்சியான தண்ணீரில் மிதக்கும்போது வெயில் உறைக்காது. கழுத்தும் காலும் வெந்துபோவது இரவில்தான் தெரியும். டிராக் பேன்ட் முழங்கால் வரை சுருண்டு ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. மருமகள் தேங்காய் எண்ணெயை எடுத்துக் கீழ் பெர்த்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அத்தை காலை இழுத்துக்கொண்டார்.

“மருமகள் காலைத் தொடறதா? வேண்டாங்கண்ணு.”

“நீட்டுங்கத்தை.”

நீட்டினார். கப்பல் மெதுவாக ஆடியது. தேய்த்து முடித்த பிறகு மருமகள் விளக்கை அணைக்கப் போனார்.

“பேரு ஏதாவது வெச்சிருந்தியா?” என்றார் அத்தை, மேல் பெர்த்தின் அடிப்பலகையைப் பார்த்தபடி.

மருமகள் ஸ்விட்ச்சில் கை வைத்தபடியே நின்றார். பிறகு சொன்னார். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்பதும் அவர்கள் கேட்டுக்கொண்டதுதான். அத்தை அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் காலை மினிக்காய். ஆறு மணிக்கே மேல்தளத்தில் டீ கிளாஸோடு நின்ற அத்தையின் முகத்தில் மாஸ்க் அழுத்திய வட்டம் இன்னும் சிவப்பாக இருந்தது. 1885-ல் கட்டிய பெரிய கலங்கரை விளக்கம் அங்கே உண்டு என்று பக்கத்தில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருமகள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மேலே வந்ததும் அத்தை கேட்டார்.

“அதுல ஏறுனா கால் வலிக்கும். அந்தக் கொழாய் அங்கேயும் குடுப்பாங்களான்னு கேளு.”